நாடி இன்னும் ஒழுங்காகவில்லை, வார்ஃபரினை நிறுத்தலாமா?

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்று மாதத்துக்கு முன் பேனை பிடிக்கவே முடியாமல் நடுங்கிய கை இன்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறது என்று ஓர் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். கூடவே அனுப்பிய ரிப்போர்ட்டுகளைவிட எனக்கு அந்த ஒரு வரிதான் அதிகம் சொன்னது. மருந்து வேலை செய்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 63 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறீர்கள், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பத்து வருடமாகப் பிரஷருக்குக் குளிசை எடுக்கிறீர்கள். போன வருடம் நன்றாகச் சாப்பிட்டும் ஒன்பது கிலோ குறைந்தது. சுகர் என்றார்கள், பார்த்தால் சுகர் இல்லை. அப்புறம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று வந்தது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை வருடா வருடம் ஆடிவேல் திருவிழாத் தேரின் பின்னால் நடக்கிறவர், இந்த முறை கோட்டை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி முச்சக்கர வண்டியில் வீடு திரும்பினீர்கள். இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு, நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு சிறகடிப்பதுபோல இருந்தது. ஈ.சீ.ஜீ.யில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடியது. இரத்தத்தில் ரி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) 0.01க்குக் கீழே, ஃப்ரீ ரி4 (தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்) மேல் எல்லையைப் போல மூன்று மடங்கு. தைரொயிட் மிதமிஞ்சிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்று சொல்லி, சுரப்பியை அடக்கக் கார்பிமசோல், நாடியை மெதுவாக்கப் பிசோபிரோலோல், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மூன்றும் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு முன் எடுத்த இரத்தத்தில் ஃப்ரீ ரி4 நோர்மல். ஆனால் ரி.எஸ்.எச். அசையவில்லை, நாடியும் ஒழுங்காகவில்லை, வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2.4இலிருந்து 1.6க்கு இறங்கிவிட்டது.

இனி உங்கள் கேள்விகள். இது இருதய வருத்தமா, தைரொயிட் வருத்தமா? தைரொயிட் சரியாகிவிட்டதால் வார்ஃபரினை நிறுத்தலாம் என்று கனடாவில் இருக்கும் மகள் சொல்கிறாரே, நிறுத்தலாமா? மகரகமவுக்குப் போய்க் கதிரியக்க அயடீன் எடுக்கச் சொல்கிறார்களே, அது தேவையா?

உங்களுக்கு இருப்பது இரண்டு வருத்தம் அல்ல, ஒன்றுதான். அது கழுத்தில் தொடங்கி நெஞ்சில் தெரிகிறது. கழுத்துக்கு வைத்தியம் செய்தால் நெஞ்சும் பெரும்பாலும் தணியும். ஆனால் ரிப்போர்ட்டில் இலக்கம் சரியாகிற அன்றைக்கே இதயமும் சரியாகிவிடாது. இரண்டுக்கும் நடுவில் சில மாத இடைவெளி உண்டு. பக்கவாதம் வராமல் அந்த இடைவெளியைத் தாண்ட உங்களுக்குத் துணை வார்ஃபரின்தான். அதனால் மகளுக்கு இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்: இப்போது நிறுத்துவதில்லை.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ரொபர்ட் கிரேவ்ஸ் 1835இல் டப்ளினில் எழுதியபோது, முதலில் கவனித்தது நெஞ்சுப் படபடப்பைத்தான். கடுமையான படபடப்போடு வந்த பெண்களுக்குக் கழுத்துச் சுரப்பியும் வீங்கியிருந்ததைக் கண்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அவருக்கு முன்பே இங்கிலாந்தில் கேலப் பரி என்ற வைத்தியரும் அப்படியே பார்த்திருந்தார். அவர் இறந்த பிறகு, 1825இல்தான் அது அச்சில் வந்தது. ஆக இந்த நோயை முதலில் கண்டவர்களே இதயத்தின் வழியாகத்தான் சுரப்பிக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று நாங்கள் இருதயத்துக்கு ஒரு கிளினிக், சுரப்பிக்கு ஒரு கிளினிக் என்று பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டு கொப்பிகளோடு இரண்டு வரிசையில் நிற்கும் உங்களுக்குக் குழப்பம் வந்தால் அது உங்கள் பிழை அல்ல.

சரி, கழுத்தில் இருக்கும் சுரப்பி இதயத்தை என்ன செய்கிறது? உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தைரொயிட் சுரப்பியைத் தூண்டிக்கொண்டே இருக்கும் ஒரு பிறபொருளெதிரியை உண்டாக்கிவிட்டது. மூளையடியில் உள்ள கபச் சுரப்பி 'போதும்' என்று தன் ரி.எஸ்.எச்.ஐ நிறுத்தினாலும் இந்தப் பிறபொருளெதிரி நிறுத்துவதில்லை. சுரப்பி ஹோர்மோனைக் கொட்டுகிறது. அந்த ஹோர்மோன் இதயத் தசைக் கலத்தின் கருவுக்குள்ளேயே போய், எந்தப் புரதத்தை எவ்வளவு செய்வது என்பதையே மாற்றிவிடுகிறது. தசை வேகமாகச் சுருங்கவும் வேகமாகத் தளரவும் பழகுகிறது. அட்ரினலினுக்கு முன்னைவிடக் கூர்மையாக எழும்புகிறது. கூடவே உடம்பெங்கும் சிறிய இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அவற்றை நிரப்ப இதயம் இன்னும் கூடுதலாக இறைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பிரஷர் 158க்கு 60 என்று வந்தது எப்படி என்று கேட்டிருந்தீர்களே, இப்படித்தான்: பலமாகத் தள்ளுவதால் மேல் இலக்கம் ஏறுகிறது, குழாய்கள் தளர்ந்திருப்பதால் கீழ் இலக்கம் இறங்குகிறது.

சாதாரணப் படபடப்பு நீங்கள் தூங்கும்போது அடங்கிவிடும். தைரொயிட் படபடப்பு தூக்கத்திலும் ஓடும். பகலில் சோர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரவு முழுக்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த இதயத்துக்குப் பகலில் வேறு என்ன மிச்சம் இருக்கும்?

இந்த ஓட்டம் மாதக்கணக்கில் நீடித்தால், முக்கியமாக அறுபது வயதைத் தாண்டியவர்களிடம், இதயத்தின் மேலறைகள் தாளம் தப்புகின்றன. சோணையறை என்று நீங்கள் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டியிருப்பீர்கள். வலது சோணையறையில் இருக்கும் ஒரு சிறு கணுதான் பள்ளிக்கூட மணி மாதிரி. அது அடித்தால் எல்லாரும் ஒன்றாக எழும்புவார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் தன்பாட்டில் மணி அடிக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட ஒழுங்கற்ற மின்துடிப்புகளில் சோணையறை சுருங்குவதற்குப் பதிலாக வெறுமனே அதிர்கிறது. கீழறைக்கு அதில் சில மட்டும் இறங்கி வருகின்றன, அதுவும் முறையில்லாமல். கையில் நாடி பிடித்தால் ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக, நடுவில் ஒன்று காணாமல் போய் இருப்பது அதனால்தான்.

தைரொயிட் மிகைச் சுரப்பு உள்ளவர்களில் நூற்றில் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு இது வருகிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 60 வயதைத் தாண்டியவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 1994இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ரி.எஸ்.எச். மிகவும் குறைந்திருந்தவர்களில் 28 வீதமானோருக்கு இந்தத் தாளப் பிழை வந்தது. நோர்மலாக இருந்தவர்களில் 11 வீதம். வயதானவர்களின் தைரொயிட்டைச் சும்மா விடக்கூடாது என்று நாங்கள் விடாப்பிடியாகச் சொல்வது இதனால்தான்.

அதிர்ந்துகொண்டிருக்கும் அறையில் இரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். இடது சோணையறையின் ஓரத்தில் ஒரு சிறு பை இருக்கிறது, இரத்தக் கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. அது பெயர்ந்து போனால் நேரே மூளைக்குப் போகலாம்.

இந்த இடத்தில் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்தளையில் இருந்தார். எழுபது வயதில் மெலிந்தார், சோர்ந்தார், பேச்சுக் குறைந்தது. பெரியப்பா போன துக்கம் என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டினோம். வயதானவர்களில் இந்த நோய் சில வேளை அப்படித்தான் வரும்; கண் பிதுங்காது, கழுத்து வீங்காது, பரபரப்பும் இருக்காது, ஆள் மட்டும் வாடிப்போவார். நான் அப்போது மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருப்பேன். ஒரு நாளாவது அந்தக் கையில் நாடியை எண்ணிப் பார்க்கவில்லை. வாய் கோணி வலது கை விழுந்த பிறகுதான் ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள், தைரொயிட்டும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இருந்த ஆறு வருடமும் இடது கையால்தான் சாப்பிட்டார். 'வார்ஃபரினை நிறுத்தலாமா' என்று உங்கள் கடிதத்தில் வாசித்தபோது எனக்கு அந்த இடது கை ஞாபகம் வந்தது.

இனி ஐ.என்.ஆர். இறங்கிய கதை. குளிசையை ஒழுங்காகப் போடவில்லையா என்று கிளினிக்கில் கேட்டதும் மனம் நொந்து, வல்லாரைச் சம்பலைத்தான் குற்றவாளியாக்கி அதை அடியோடு நிறுத்தியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு குளிசையும் தவறவிடவில்லை என்பதை நான் நம்புகிறேன், ஏனென்றால் இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. தைரொயிட் ஹோர்மோன் மிதமிஞ்சி இருக்கும்போது, இரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் உடம்பில் வேகமாக அழிந்துபோகின்றன. அப்போது கொஞ்ச வார்ஃபரினே போதும். கார்பிமசோல் வேலை செய்து ஹோர்மோன் இறங்கியதும் அந்தக் காரணிகள் பழையபடி நிலைத்து நிற்கின்றன. நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்றைக்குப் போதாமல் போகிறது. உங்கள் ஐ.என்.ஆர். 1.6க்கு வந்தது தைரொயிட் குணமாகிறது என்பதன் அடையாளம். ஆனால் அந்த அளவில் பாதுகாப்புக் குறைவு. உங்களுக்கு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். நாளைக்கே கிளினிக்குக்குப் போய் அளவைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். தைரொயிட் ஒரே சீராக நிற்கும் வரை ஐ.என்.ஆரை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். இது மறுபக்கமும் நடக்கும்: எப்போதாவது தைரொயிட் திரும்ப ஏறினால் அதே வார்ஃபரின் அளவு மிகையாகி இரத்தம் கசியும். வல்லாரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஒரு வாரம் நிறைய மறு வாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஏறக்குறைய ஒரே அளவாக.

முழங்கால் வலிக்கு என்று டைக்ளோஃபெனக், தலையிடிக்கு என்று டிஸ்பிரின், இரண்டும் வார்ஃபரினோடு சேரக்கூடாது. தடிமனுக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புக் குளிசைகளில் இதயத்தை ஓடவைக்கும் மருந்து கலந்திருப்பதுண்டு, அதையும் தொடாதீர்கள்.

ஃப்ரீ ரி4 நோர்மலாகியும் ரி.எஸ்.எச். ஏன் அசையவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். கார்பிமசோல் புதிய ஹோர்மோன் செய்வதைத் தடுக்கும், ஏற்கெனவே செய்து சேர்த்து வைத்ததை ஒன்றும் செய்யாது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியின் தொழிற்சாலை பூட்டப்பட்டாலும், களஞ்சியத்தில் மூட்டை இருக்கும் வரை கடையில் சாமான் விற்றுக்கொண்டுதான் இருக்கும். சுரப்பிக்குள் வாரக்கணக்கில் போதுமான கையிருப்பு இருக்கிறது. இரத்தத்துக்கு வந்த ரி4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். அதனால்தான் முதல் மாதம் மருந்து பிடிக்கவில்லைபோலத் தோன்றியது. அடுத்து, இவ்வளவு காலம் அடங்கிக் கிடந்த கபச் சுரப்பி திரும்ப விழித்து ரி.எஸ்.எச்.ஐ விடுவதற்கு இன்னும் பல வாரம், சிலருக்கு மாதங்கள் ஆகும். இந்தக் கட்டத்தில் ரி.எஸ்.எச்.ஐ மட்டும் பார்த்து 'குளிசை சரியில்லை' என்று முடிவெடுத்து அளவைக் கூட்டினால், சுரப்பி மறுபக்கம் விழுந்து உடம்பு குளிர்ந்து வீங்கும். உங்கள் டொக்டர் ஃப்ரீ ரி4ஐப் பார்த்து அளவைக் குறைத்திருக்கிறார். அது சரியான முடிவு.

ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், முடி கொட்டுவதற்கு மகள் அனுப்பிய விற்றமினை ஒரு மாதமாக எடுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் என்று இருந்தால் கவனம். பயோட்டின் சுரப்பிக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பல ஆய்வுகூடங்களின் பரிசோதனை முறையைக் குழப்பி ரி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்தும், ரி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். உங்கள் முதல் ரிப்போர்ட் அதற்கு முந்தியது, நோய் நிஜம்தான். அடுத்த இரத்தத்துக்கு இரண்டு நாளாவது முன்னால் அதை நிறுத்துங்கள், டொக்டரிடமும் சொல்லுங்கள். முடி கொட்டுவது இந்த நோயின் குணம். சுரப்பி அடங்கிச் சில மாதத்தில் முடி தானாகவே வரும்.

அப்படியானால் இதயம் எப்போது ஒழுங்காகும்? தைரொயிட் சரியான பிறகு, இப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் தாளம் தானாகவே திரும்பிவிடுகிறது, பெரும்பாலும் முதல் நான்கு மாதத்துக்குள். உங்கள் ஃப்ரீ ரி4 நோர்மலாகி மூன்று வாரம்தான் ஆகிறது. இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் எக்கோ ஸ்கேனில் இதயம் பலமாகவே இருக்கிறது, தாளப் பிழையும் நீண்ட காலமாக இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் உங்களுக்குச் சாதகம். வயதும் பிரஷரும் கொஞ்சம் எதிராக இருக்கின்றன. நான்கு மாதம் கழிந்தும் திரும்பாவிட்டால், சிறு மயக்கம் கொடுத்து மின்னதிர்ச்சியால் தாளத்தைத் திருப்பலாம். அதை இப்போதே செய்வதில் பயனில்லை, சுரப்பி முழுதாக அடங்காத உடம்பில் திரும்பின தாளம் நிலைக்காது. அந்த நாள் வந்தாலும் அதற்கு முன் குறைந்தது மூன்று வாரம் ஐ.என்.ஆர். சரியாக இருந்திருக்க வேண்டும்.

தாளம் திரும்பி, அது நிலைக்கிறது என்று திரும்பத் திரும்ப ஈ.சீ.ஜீ. எடுத்துப் பார்த்த பிறகுதான் வார்ஃபரினை நிறுத்துவதா என்ற பேச்சு. அப்போதும் உங்கள் பிரஷரையும், சில வருடத்தில் வரப்போகும் 65 வயதையும் இருதய டொக்டர் கணக்கில் எடுப்பார். தைரொயிட் ரிப்போர்ட் மட்டும் அதைத் தீர்மானிக்காது.

பிசோபிரோலோலை நீங்களாகக் குறைக்க வேண்டாம். சுரப்பி அடங்க அடங்க ஆறுதலாக இருக்கும்போது நாடி 60க்குக் கீழே போகலாம், தலை சுற்றலாம். அப்போது டொக்டர் குறைப்பார். சட்டென்று நிறுத்தினால் இதயம் திரும்ப ஓடத் தொடங்கும். அந்தக் குளிசை பக்கத்து வீட்டம்மாவின் படபடப்புக்கும் நல்லது என்று கொடுத்திருக்கிறீர்கள், அவருக்கு இழுப்பு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். இழுப்புக்காரருக்கு இந்த வகைக் குளிசையால் மூச்சுக் குழாய் இறுகிவிடலாம்.

கார்பிமசோலைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இந்த மருந்து வெண்குருதிக் கலங்களைத் திடீரென்று விழுத்திவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், ஆனால் பிறகும் வரலாம். அடையாளம் காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண். இதில் ஏதாவது வந்தால் கார்பிமசோலை அந்த நேரமே நிறுத்திவிட்டு, அன்றைக்கே இரத்தக் கலங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு என்று நினைத்து மூன்றாம் நாள் வரை பனடோலோடு பார்த்திருப்பது பழக்கமாகிவிட்டது. நீங்கள் மூன்றாம் நாள் வரை காத்திருக்க முடியாது. போகிற இடத்தில் முதல் வசனமாகவே 'நான் கார்பிமசோலும் வார்ஃபரினும் எடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். உண்மையிலேயே டெங்குவாக இருந்தாலும் வார்ஃபரின் எடுக்கிற ஆளை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, உடம்பு முழுக்கத் தடிப்பு, இவையும் சொல்ல வேண்டியவையே.

இனி மகரகம. அங்கே போகச் சொன்னதும் 'எனக்குப் புற்றுநோய் இருப்பதை மறைக்கிறார்கள்' என்று ஓர் இரவு முழுக்க அழுததாக எழுதியிருக்கிறீர்கள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலை புற்றுநோய்க்கானதுதான். ஆனால் கதிரியக்க அயடீன் கொடுக்கும் வசதியும் பயிற்சி பெற்றவர்களும் அங்கே இருப்பதால், கிரேவ்ஸ் நோய்க்காரர்களையும் அனுப்புகிறார்கள். உங்களுக்குப் புற்றுநோய் இல்லை. இந்த வைத்தியம் 1941இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தொடங்கியது. அங்கும் முதலில் கொடுத்தது மிகைச் சுரப்பு உள்ளவர்களுக்குத்தான்.

உடம்பில் அயடீனைப் பெருமளவில் இழுத்துச் சேர்ப்பது தைரொயிட் மட்டுமே. அதனால் வாயால் விழுங்கும் ஒரு வில்லையோ ஒரு மிடறு திரவமோ நேரே அங்கே போய்ச் சேர்கிறது, உள்ளிருந்தே சுரப்பியைச் சுருக்குகிறது. வெட்டு இல்லை, மயக்கம் இல்லை. அதன் கதிர்வீச்சு எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும், சுரப்பி எடுக்காத மிச்சம் சிறுநீரோடு போய்விடும். சில நாட்களுக்குச் சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருக்க வேண்டும், எத்தனை நாள் என்று அங்கே சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் கனடாவில் என்பதால் உங்களுக்கு அது பெரிய கஷ்டமாக இராது. கார்பிமசோலைச் சில நாள் முன் நிறுத்தச் சொல்வார்கள், அந்த நாட்களில் பிசோபிரோலோல் தொடர வேண்டும்.

எடுக்க வேண்டுமா என்று கேட்டால், உங்கள் நிலையில் எடுப்பதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். கார்பிமசோலை வழக்கமாக 12 முதல் 18 மாதம் கொடுத்து நிறுத்திப் பார்ப்போம். நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்ப வருகிறது. இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அது வந்தால் கை நடுங்கும், திரும்பக் குளிசை தொடங்கலாம். உங்களுக்கு வந்தால் முதலில் தெரிவது இதயத்திலாக இருக்கும், அது சத்தமில்லாமலும் வரலாம். தாளம் ஒருமுறை தப்பின இதயத்துக்கு அந்தப் பந்தயம் வேண்டாம். கண் பிதுக்கம் உங்களுக்கு இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. இருந்திருந்தால் இந்த வைத்தியத்தால் கண் மோசமாகும் பயத்தை முதலில் யோசித்திருப்பேன். அயடீனுக்குப் பிறகு பெரும்பாலோருக்குச் சுரப்பி வேலை செய்வது நின்றுபோகும், ஆயுளுக்கும் தைரொக்சின் குளிசை ஒன்று காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். மகள் பயப்படுவது அதற்குத்தான் என்று புரிகிறது. ஆனால் பத்து வருடமாகப் பிரஷர் குளிசையை ஒரு நாளும் தவறவிடாத உங்களுக்கு அது சுமையே அல்ல. சத்திர சிகிச்சையும் ஒரு வழிதான், கழலை, அதாவது கழுத்துச் சுரப்பியின் வீக்கம், பெரிதாகி மூச்சுக் குழாயை அழுத்தினால் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. இதை வாசிக்கும் இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை: கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் கதிரியக்க அயடீன் எடுக்கக்கூடாது, எடுத்தால் ஆறு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப் போட வேண்டும். கார்பிமசோலும் கருவுக்கு ஆகாது, பிள்ளைக்குத் திட்டமிடும் முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள்.

உப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். தென்மேற்கு ஈரவலயத்தில் அவ்வளவு பேருக்குக் கழலை இருந்தது. உங்கள் நோய் உப்பால் வந்ததல்ல. சமையலுக்குப் போடும் உப்பை மாற்ற வேண்டாம். கடற்பாசிக் குளிசைகள்தான் வேண்டாம். கோவாவும் மரவள்ளியும் தைரொயிட்டை அடக்கும் என்று நம்பி அவற்றையே சாப்பிட்டு மருந்தைக் குறைக்காதீர்கள், சாதாரணமாகச் சாப்பிடுகிற அளவு நன்மையும் செய்யாது தீமையும் செய்யாது. அயடீன் நிறைய இருப்பது வேறு இடத்தில்: தாளத்துக்குக் கொடுக்கும் அமியோடரோன் என்ற குளிசையின் 200 மில்லிகிராமில் சுமார் 75 மில்லிகிராம் அயடீன் இருக்கிறது, ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். ஸ்கேனுக்கும் அஞ்சியோகிராமுக்கும் ஏற்றும் சாயத்திலும் அயடீன் உண்டு. தேவைப்பட்டால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் கொடுப்பவருக்கு உங்கள் தைரொயிட் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இருதய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் 'கிரேவ்ஸ் நோய்' என்றும், தைரொயிட் கொப்பியின் முதல் பக்கத்தில் 'வார்ஃபரின்' என்றும் சிவப்புப் பேனையால் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், ஒழுங்கில்லாத நாடியில் அது பொய் சொல்லும். எண்ணிக்கையையும், ஒழுங்கா இல்லையா என்பதையும் எழுதி வையுங்கள். வாய் கோணுதல், ஒரு கையோ காலோ விழுதல், பேச்சுக் குழறுதல், இவற்றில் ஒன்று ஐந்து நிமிடம் வந்து போனாலும் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கடும் காய்ச்சலோடு நாடி தலைதெறிக்க ஓடி, வாந்தியும் குழப்பமும் வந்தாலும் அப்படியே. கார்பிமசோலைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு அப்படி ஒரு நெருக்கடி வருவதுண்டு.

கடைசியாக, அடுத்த ஆடிவேலுக்கு நடக்கலாமா என்று அடைப்புக்குள் போட்டுக் கேட்டிருந்தீர்கள். இப்போதிருந்தே மாலையில் காலிமுகத்திடலில் இருபது நிமிடம் மெதுவாக நடந்து பழகுங்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். காலை நாடி இரண்டு மாதம் 90க்குக் கீழேயே நின்று, நடக்கும்போது மூச்சு வாங்காமலும் இருந்தால், கொள்ளுப்பிட்டியில் தேர் வரும்வரை காத்திருந்து அங்கிருந்து பம்பலப்பிட்டி வரை கூடப் போகலாம். தண்ணீர்ப் போத்தலையும் மத்தியானக் குளிசையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.